நல்லியல்புகளை அளக்கும் வினாக்கொத்தை இணையவழியில் சரிபார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் உளவியல் பக்கம் ஆய்வுத் தலைப்பு எடுக்கும் பிள்ளைகள் பலர் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். இணையத்தில் கிடைத்த ஆங்கில வினாக்கொத்து ஒன்றை எடுத்து, இரண்டு நாளில் தமிழாக்கி, கூகிள் படிவத்தில் போட்டு, கம்பஸ் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வந்த விடைகளுக்குக் குரொன்பாக் அல்ஃபா பார்ப்பார்கள். 0.7க்கு மேல் வந்தால் வினாக்கொத்து ஏற்புடையது என்று அறிக்கையில் எழுதி முடித்துவிடுவார்கள்.

அல்ஃபா அவ்வளவு பெரிய உறுதியைத் தருவதில்லை. வினாக்கொத்தில் உள்ள கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதை மட்டுமே அது காட்டும். அதிலும் கூற்றுகள் கூடக்கூட அது தானாகவே ஏறும். கூற்றுகளுக்கிடையிலான சராசரித் தொடர்பு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கூற்றுகள் இருந்தால் அல்ஃபா 0.60. அதே தரத்தில் 20 கூற்றுகளைப் போட்டால் 0.83. ஒரு கூற்றாவது திருந்தியதா? இல்லை, நீளம்தான் கூடியது. ஏற்புடைமை வேறு கேள்வி: நாங்கள் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா? இதற்கு விடை தேட எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை, முதன்முதலாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். நன்றியுணர்வை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அது எளிதாகத் தெரிந்தாலும் எங்கள் ஊரில் அளப்பதற்குச் சிக்கலான ஒன்று.

1. ஒரே ஓர் இயல்பைத் தெரிவு செய்யுங்கள்

2004இல் கிறிஸ்தோபர் பீற்றர்சனும் மார்ட்டின் செலிக்மனும் மனிதரின் நல்லியல்புகளை 24 ஆக வகுத்து, 6 பெரும் நற்பண்புகளின் கீழ் வைத்தார்கள். அவற்றை அளக்க வந்த வினாக்கொத்தில் 240 கூற்றுகள். போனில் அதைக் கடைசி வரை நிரப்ப யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த 24இல் ஒன்றை எடுத்து, அதற்கென்று உள்ள குறுகிய வினாக்கொத்தைத் தேடுங்கள். நன்றியுணர்வுக்கு மக்கலோ, எமன்ஸ், சாங் ஆகியோர் 2002இல் வெளியிட்ட 6 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து உண்டு. மீண்டெழும் ஆற்றலுக்கு 2008இல் வந்த, அதேபோல 6 கூற்றுகள் கொண்ட ஒன்று உண்டு. புதிதாக ஒன்றை ஆக்குவதைவிட, இருப்பதைத் தழுவி எடுப்பதே முதல் தடவைக்கு நல்லது.

அனுமதியை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். எட் டீனர் குழுவின் வாழ்க்கைத் திருப்தி வினாக்கொத்தை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மீண்டெழும் ஆற்றலுக்கான கொனர்-டேவிட்சன் அளவுகோலுக்கோ முறைப்படி அனுமதி பெற்றுக் கட்டணமும் கட்ட வேண்டும். தரவு சேர்த்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தலையில் கைவைப்பதில் பயனில்லை.

2. மொழிபெயர்ப்பு

இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்கட்டும். ஒருவர் உளவியல் படித்தவராகவும், மற்றவர் அந்தத் துறைக்கே சம்பந்தமில்லாத, நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவராகவும் இருந்தால் நல்லது. பிறகு ஒன்றாக இருந்து இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வடிவத்துக்கு வாருங்கள். அதை, மூலத்தைக் கண்ணால் காணாத மூன்றாம் நபர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். 1970இல் றிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த மீள்மொழிபெயர்ப்பு எல்லா ஆய்வுகளிலும் வழக்கமாகிவிட்டது.

ஆனால் இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்த விறைத்த தமிழ், ஆங்கிலத்துக்கு மிக அழகாகத் திரும்பிப் போகும். இயல்பான தமிழ்தான் திரும்பும்போது கொஞ்சம் விலகி நிற்கும். மூலத்தோடு அச்சொட்டாகப் பொருந்தி வந்த கூற்றுகளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். தமிழ்நாட்டில் செய்த மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருந்தால் அதையும் வாங்கிப் பாருங்கள். நல்ல உதவியாக இருக்கும். ஆனால் எங்கள் ஆக்களிடம் வாசித்துக் காட்டாமல் அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

எதிர்மறைக் கூற்றுகளைத் தனியாகக் கவனியுங்கள். “நன்றி சொல்ல எனக்கு அதிகம் ஒன்றும் இல்லை” என்ற கூற்றுக்கு, நன்றியுணர்வு உள்ளவர் “உடன்படவில்லை” என்று விடை தர வேண்டும். இல்லை என்பதற்கு மேல் இன்னொரு இல்லை. வீட்டில் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள், “ஓம், இல்லைத்தானே” என்று பதில் வரும். அந்த ஓம் எந்தப் பக்கத்து ஓம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2002இல் வந்த நன்றியுணர்வு வினாக்கொத்தில் இப்படித் தலைகீழாக எண்ணும் (உடன்பட்டால் மதிப்பெண் குறையும்) கூற்றுகள் இரண்டு. அவற்றில் 6ஆவது கூற்று தாய்வானில் சரியாகப் பொருந்தாததால் அங்கே 5 கூற்றுகளோடு பயன்படுத்துகிறார்கள்.

3. படிவத்தை அனுப்பும் முன் ஆட்களோடு இருந்து கேளுங்கள்

எல்லாரும் தவிர்க்கப் பார்க்கும் கட்டம் இது. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதற்குள்தான் இருக்கிறது. உங்கள் படிவத்தை நிரப்பப் போகிறவர்களைப் போன்ற 8, 10 பேரைத் தெரிவு செய்யுங்கள். கம்பஸ் பிள்ளைகள் மட்டும் வேண்டாம். கொக்குவிலில் ஒரு தையல்காரர், பருத்தித்துறையில் கடற்தொழில் செய்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் ஒருவர் என்று கலந்து எடுங்கள். ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் இருந்தாலே பாதிப் பேர் கிடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, விடையைக் குறித்ததும் காரணத்தைக் கேளுங்கள். “விளங்கினதோ?” என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் மரியாதைக்கு ஓம் என்பார்கள்.

“நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர்” என்று ஒரு கூற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுபது வயது அம்மா ஒருவர் அதற்கு “முற்றாக உடன்படவில்லை” என்று குறிக்கிறார். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அம்மா, இதை வாசிக்கேக்க உங்கட மனதில என்ன வந்தது?”

“நான் ஒருத்தருக்கும் கடன்படேல்லைப் பிள்ளை. இடம்பெயர்ந்து போய் இருந்த வீட்டுக்காரருக்கும் பிறகு என்னாலான கைமாறு செய்துபோட்டன்.”

“அவையளை இப்பவும் நினைக்கிறனீங்களோ?”

“நினையாமல்? ஒவ்வொரு கோயில் திருவிழாவுக்கும் அவையின்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்யிறனான்.”

இந்த அம்மாவுக்கு நன்றியுணர்வு நிறைய. அந்தக் கூற்றில் அவர் பெறுவதோ 1. கூற்றை அவர் நன்றிக்கடனாக வாசித்துவிட்டார். கடன் என்றால் அடைத்துவிட வேண்டும், அடைத்தால் முடிந்தது. நன்றியுணர்வும் பட்ட கடன் மனதை அழுத்துவதும் வேறு வேறு என்று உளவியலிலும் பிரித்தே பார்க்கிறார்கள். முன்னது மனநிறைவோடு சேர்ந்து போகும், பின்னது மனச்சங்கடத்தோடு. எங்கள் சமூகத்தில் இந்த இரண்டும் நெருங்கிக் கிடப்பதால் கூற்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இணையப் படிவத்தில் இந்த அம்மா நிரப்பியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டும். அர்ச்சனை பற்றி எந்த மென்பொருளும் சொல்லாது.

கேட்டதை வைத்துக் கூற்றை மாற்றுங்கள். “எனக்கு உதவியவர்களை நினைத்தால் மனம் நிறைகிறது” என்பது மேலே சொன்ன கூற்றைவிடக் கடனிலிருந்து தள்ளி நிற்கும். மாற்றிய வடிவத்தோடு புதிய ஆட்களிடம் இன்னொரு சுற்றுப் போங்கள். புதிதாக ஒன்றும் அகப்படாதபோது நிறுத்தலாம்.

வயதையும் பாருங்கள். வயது ஏற ஏற நன்றி கூடுகிறதா என்ற பொருளில் ஒரு கூற்று மூலத்தில் உண்டு. 20 வயதுப் பிள்ளை அதற்கு என்ன சொல்ல? அதை வைத்திருப்பதா விடுவதா என்பதைக் காரணத்தோடு எழுதி வையுங்கள்.

இதன் பிறகே நிபுணர்கள். உளவியல், உளமருத்துவம், தமிழ், சமூகவியல் பக்கம் உள்ள 10 பேரிடம் ஒவ்வொரு கூற்றும் அவசியமா என்று கேளுங்கள். 1975இல் லோஷி தந்த கணக்கு எளியது: அவசியம் என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்தில் பாதியைக் கழித்து, அந்தப் பாதியாலேயே வகுக்க வேண்டும். 10 பேரில் 8 பேர் அவசியம் என்றால் 0.60 வரும். லோஷியின் அட்டவணையில் 10 பேருக்குத் தேவையானது 0.62. ஆகவே 8 பேர் போதாது, 9 பேர் வேண்டும்.

4. நெறிமுறை அனுமதி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நெறிமுறை மீளாய்வுக் குழு இருக்கிறது. நீங்கள் வேறு நிறுவனத்தில் இருந்தால் அங்குள்ள குழுவிடம் விண்ணப்பியுங்கள். மேலே சொன்ன உரையாடல்களும் ஆய்வுதான், ஆகவே அவற்றைத் தொடங்கும் முன்பே விண்ணப்பித்து, அவற்றையும் விண்ணப்பத்தில் சேருங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. யார், எதற்காக, எவ்வளவு காலம் தரவை வைத்திருப்பீர்கள் என்பதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

நல்லியல்பைத்தானே கேட்கிறோம், யாருக்கு என்ன பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். போரில் பிள்ளையை இழந்தவரிடம், காணாமல்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவரிடம், வாழ்க்கையில் கிடைத்தவற்றுக்கு நன்றி உண்டா என்று கேட்கிறோம். வடக்கில் போரின் காயம் தனி மனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் எப்படிப் பாதித்தது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வந்திருக்கிறார். இங்கே ஆய்வு செய்யப் போகிறவர்கள் அதை வாசித்துவிட்டு இறங்க வேண்டும். எந்தக் கூற்றையும் விட்டுவிடலாம், எப்போதும் நிறுத்தலாம் என்று எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐயும், அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

5. படிவம்

பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து கூற்றுகளை வெட்டி ஒட்ட வேண்டாம், படிவத்தில் ஆங்கில எழுத்துகள் குழம்பி வரும். யூனிகோட்டில் தட்டி, மலிவான பழைய போன் ஒன்றில் திறந்து பாருங்கள். கூற்றுகளைக் கட்டம் போட்ட அட்டவணையாகவும் வைக்காதீர்கள். போனில் பக்கவாட்டில் இழுத்தால்தான் கடைசித் தெரிவு தெரியும், பாதிப் பேர் இழுக்க மாட்டார்கள். ஒரு கூற்று, அதன் கீழே தெரிவுகள், அவ்வளவுதான்.

மூலத்தில் 7 படிகள் இருந்தாலும் ஏழுக்கும் தமிழில் பெயர் வைப்பது கடினம். “ஓரளவு”, “சிறிதளவு”, “கொஞ்சம்” எல்லாம் வாசிப்பவருக்கு ஒன்றாகிவிடும். இரண்டு முனைக்கும் நடுவுக்கும் மட்டும் பெயர் கொடுத்து மற்றவற்றை எண்ணாக விடலாம், அல்லது 5 படிகளுக்குக் குறைக்கலாம். குறைத்தால் அதை அறிக்கையில் சொல்ல வேண்டும்.

கூகிள் படிவம் அனுப்பிய நேரத்தை மட்டும் பதியும், தொடங்கிய நேரம் அதில் இல்லை. கோபோடூல்பொக்ஸ், லைம்சேர்வே என்ற வேறு இரண்டு இணையப் படிவக் கருவிகளிலும் ஒருவர் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று பார்க்கலாம். கவனமில்லாமல் நிரப்பியவர்களைக் கண்டுபிடிக்க அது தேவைப்படுவதால் நான் கோபோவைப் பரிந்துரைப்பேன். இடையில் ஒரு கவனக் கூற்றும் வையுங்கள்: “இந்த வரிக்கு 2ஐத் தெரிவு செய்யுங்கள்.” ஒன்று போதும். நாலைந்து வைத்தால் சனம் தங்களைச் சோதிப்பதாக நினைக்கும்.

ஊரின் பெயர், வயது, பால், தொழில் எல்லாவற்றையும் கேட்டால் பெயர் கேட்காமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நெடுந்தீவில் 34 வயதுப் பெண் ஆசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள்? பிரதேசத்தையும் வயதுப் பிரிவையும் மட்டும் கேளுங்கள்.

6. யாருக்கு அனுப்புவது

இணைப்பை நண்பர்களின் குழுக்களில் போட்டால் இரவோடிரவாக நூறு விடை வரும். அவர்களில் முக்கால்வாசி உங்கள் வயதுதான் இருப்பார்கள், இன்னும் சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பார்கள். புலம்பெயர்ந்தோரின் விடை வேண்டாம் என்றில்லை, ஆனால் தற்போது வாழும் நாட்டைக் கேட்டு, அவர்களைத் தனிக் குழுவாக வைத்திருங்கள். சாவகச்சேரி, வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் விடை வராவிட்டால் வராததற்குக் காரணம் உண்டு. அங்கே மாதர் சங்கம், கிராம சேவையாளர், பாடசாலை வழியாகப் போங்கள். போன் வசதி இல்லாதவருக்கு உங்கள் போனைக் கொடுத்து நிரப்ப வைக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். நல்லியல்புக் கேள்விகளில் எல்லாருக்கும் தங்களை நல்லவராகக் காட்டும் ஆசை இருக்கும், நீங்கள் நின்றால் அது இரட்டிப்பாகும்.

எண்ணிக்கைக்கு முடிந்த முடிவான விதி கிடையாது. கூற்றொன்றுக்கு 10 பேர் என்பது பழைய கைக்கணக்கு. 6 கூற்றுக்கு 60 பேர் என்று அதைப் பிடித்துக்கொண்டால் போதாது. நடைமுறையில் முதல் பகுப்பாய்வுக்கு 300 பேரும், அதை உறுதிப்படுத்த வேறு 300 பேரும் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். ஒரே 600ஐ எழுந்தமானமாக இரண்டாகப் பிரிப்பதும் சரி.

7. சுத்தம் செய்தல்

கவனக் கூற்றில் தவறியவர்கள், கூற்றொன்றுக்குச் சராசரியாக 2 செக்கனும் எடுக்காதவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் குறித்தவர்கள் ஆகியோரை நீக்குங்கள். கடைசி வகையில் கொஞ்சம் பொறுமை தேவை. கூற்றுகள் எல்லாம் நேர்மறையாக இருந்தால், உண்மையாகவே எல்லாவற்றுக்கும் 5 போடுபவர் இருப்பார். நேரத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். நீக்கும் விதிகளைத் தரவு வரும் முன்பே எழுதி வையுங்கள்.

8. பகுப்பாய்வு

ஜமோவி, ஜாஸ்ப் என்ற புள்ளிவிபர மென்பொருள்கள் இரண்டும் இலவசம், புதியவருக்கு எளிது. ஆர் (R) என்ற புள்ளிவிபர நிரல்மொழி தெரிந்தால் அதன் ‘சைக்’, ‘லவான்’ பொதிகள் போதும்.

முதலில் ஒவ்வொரு கூற்றின் பரம்பலையும் பாருங்கள். பெரும்பாலானோர் 5இலேயே நின்றால் அந்தக் கூற்று யாரையும் பிரித்துக் காட்டாது. “பெற்றோருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன்” என்பதற்கு எங்கள் ஊரில் இல்லை என்பவர் யார்?

அடுத்து முதல் பாதித் தரவில் ஆய்வுநிலைக் காரணிப் பகுப்பாய்வு. எந்தெந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்ந்து போகின்றன என்று பார்ப்பதுதான் இது. அப்படிச் சேர்பவற்றுக்குப் பின்னால் இருக்கும் பொது இயல்பைக் காரணி என்பார்கள். எத்தனை காரணிகள் என்று தீர்மானிக்க, 1ஐவிடப் பெரிய ஐகன் பெறுமானங்களை (ஒவ்வொரு காரணியும் எவ்வளவு விளக்குகிறது என்று காட்டும் எண்களை) எண்ணும் பழைய வழக்கத்தை விட்டு, அவற்றை எழுந்தமானத் தரவோடு ஒப்பிடும், ஹோர்ன் 1965இல் தந்த சமாந்தரப் பகுப்பாய்வைப் பயன்படுத்துங்கள். இரண்டு மென்பொருளிலும் அது ஒரு சொடுக்கில் வரும். சுமை (கூற்று காரணியோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்ற எண்) 0.4க்குக் குறைந்த கூற்றுகளைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது காரணி ஒன்று தலைகாட்டினால் உடனே அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம். எதிர்மறைக் கூற்றுகள் மட்டும் ஒன்றாகப் போய் நின்றால் அது சொல்லமைப்பின் விளைவாக இருக்கலாம். கைமாறு, கடன் வாடை அடிக்கும் கூற்றுகள் ஒன்றாக நின்றால் அந்த அம்மா சொன்னதுதான் இங்கே எண்ணாக வந்திருக்கிறது. உங்கள் உரையாடல் குறிப்புகளைத் திறந்து பாருங்கள்.

மறு பாதியில் உறுதிப்படுத்தும் பகுப்பாய்வு. முதல் பாதியில் கண்ட அமைப்பு இங்கேயும் பொருந்துகிறதா என்று பார்ப்பது இது. அந்தப் பொருத்தத்தைக் காட்டும் எண்களுக்கு 1999இல் ஹூவும் பென்ட்லரும் தந்த எல்லைகளைத்தான் எல்லாரும் எழுதுவார்கள்: சி.எஃப்.ஐ. 0.95 அளவில் அல்லது அதற்கு மேல், ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06 அளவில் அல்லது அதற்குக் கீழ், எஸ்.ஆர்.எம்.ஆர். 0.08 அளவில் அல்லது அதற்குக் கீழ். அவை சட்டம் அல்ல. பொருந்தவில்லை என்பதற்காக மென்பொருள் காட்டும் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனால் கடைசியில் பொருந்தத்தான் செய்யும், ஆனால் அது அந்தத் தரவுக்கு மட்டுமே பொருந்தும். நம்பகத்தன்மைக்கு (அளவீடு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதற்கு) அல்ஃபாவோடு, சுமைகளிலிருந்து கணக்கிடும் ஒமேகாவையும் தாருங்கள்.

9. மற்றவற்றோடு ஒப்பிடுதல்

நன்றியுணர்வு வாழ்க்கைத் திருப்தியோடு நேராகத் தொடர்புபட வேண்டும், ஆனால் அதுவே ஆகிவிடக் கூடாது. கடன்பட்ட உணர்வோடு தொடர்பு குறைவாக இருக்க வேண்டும். சமூகம் விரும்பும் விடையைச் சொல்லும் போக்கை அளக்கக் குறுகிய வினாக்கொத்து ஒன்றையும் சேருங்கள். அதோடு உங்கள் மதிப்பெண் பலமாக ஒட்டிக்கொண்டால், அளந்தது நன்றியை அல்ல, நல்லபேர் எடுக்கும் ஆசையை. எதிர்பார்ப்புகளை, எந்தப் பக்கம், எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதுங்கள். தொடர்பு குறைவாக வந்தால் இரண்டு அளவுகோல்களின் நம்பகத்தன்மையையும் பாருங்கள். உண்மைத் தொடர்பு 0.6 ஆக இருந்தாலும், நம்பகத்தன்மை 0.7, 0.8 என்றால் தரவில் ஏறக்குறைய 0.45தான் தெரியும்.

மதிப்பெண் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க, இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு பகுதியினரிடம் மீண்டும் கேளுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், உயர்தரப் பரீட்சைக் காலமும் இதற்கு உகந்தவை அல்ல, ஆட்களின் மனநிலையே மாறி நிற்கும். இரண்டு விடைகளையும் பெயரில்லாமல் இணைக்க ஒரு குறியீடு வேண்டும். பிறந்த திகதியின் நாள், போன் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள், படித்த முதல் பாடசாலையின் முதலெழுத்து என்று அமைக்கலாம். அம்மாவின் பிறந்த நாள் போன்றவற்றைக் கேட்க வேண்டாம். பலருக்குத் தெரியாது, சிலருக்கு வலிக்கும்.

ஆண்களையும் பெண்களையும், யாழ்ப்பாணத்தில் இருப்பவரையும் புலம்பெயர்ந்தவரையும் ஒப்பிட ஆசைப்பட்டால், முதலில் வினாக்கொத்து இரு குழுவிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று அளவீட்டு ஒப்புமையைச் சோதியுங்கள். அமைப்பு, சுமைகள், வெட்டுத்துண்டுகள் (கூற்றுகளின் தொடக்க மட்டங்கள்) என்று படிப்படியாகச் சமப்படுத்திக்கொண்டு போகும்போது சி.எஃப்.ஐ. ஒவ்வொரு படியிலும் 0.01க்கு மேல் விழக் கூடாது என்பது சியுங், ரென்ஸ்வோல்ட் 2002இல் தந்த அளவு. அந்தச் சோதனையில் தேறாமல் சராசரிகளை ஒப்பிட்டு “புலம்பெயர்ந்தோருக்கு நன்றியுணர்வு குறைவு” என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

10. அறிக்கை

தமிழ்க் கூற்றுகளை, மூல உரிமையாளர் அனுமதித்தால், முழுமையாகப் பின்னிணைப்பில் போடுங்கள். எத்தனை விடை வந்தது, எத்தனையை எதற்காக நீக்கினீர்கள், எந்தக் கூற்று எந்த உரையாடலால் மாறியது, எந்தப் பிரதேசத்திலிருந்து விடை வரவில்லை என்பனவும் இருக்கட்டும். மதிப்பெண் கூட்டும் முறையை, தலைகீழாக எண்ண வேண்டிய கூற்றுகளைக் குறித்து, தனிப் பெட்டியில் தாருங்கள். தரவைப் பகிர்வதானால் குறியீட்டையும் பிரதேசத்தையும் நீக்கிவிட்டுப் பகிருங்கள். இந்த எண்ணை வைத்து ஒரு தனி ஆளை நன்றியுள்ளவர், நன்றியில்லாதவர் என்று பிரிக்க எந்த எல்லைக்கோடும் தரவில்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். பாடசாலையோ வேலைத்தலமோ ஆட்களைத் தெரிவு செய்ய அதைக் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.